மார்புக்குக் கீழே உணர்வு இல்லை, ஆனால் பசிக்கிறது

தென்னை மரத்திலிருந்து விழுந்த அத்தானுக்கு ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். ஐ.சி.யூ.வில் காலை எட்டு மணிக்கு வீட்டு ஆள் ஒருத்தரை மட்டும் உள்ளே விடுவார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஏட்டி, பசிக்கி" என்றார்.

முந்தின நாள்தான் டாக்டர் என்னையும் மாமாவையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மார்புப் பகுதியில் நாலாவது முதுகெலும்புக் கண்ணி நொறுங்கிவிட்டது, உள்ளே போகும் தண்டுவடமும் நசுங்கிவிட்டது, கம்பி வைத்து எலும்பை நேராக்கியிருக்கிறோம், நரம்பை ஒன்றும் செய்ய முடியாது. "மார்புக்காம்புக்குக் கீழ இனி உணர்வும் இருக்காது, அசைவும் இருக்காதும்மா." குண்டூசியால் வயிற்றிலும் தொடையிலும் பாதத்திலும் குத்திக் காட்டினார். அத்தானுக்குத் தெரியவே இல்லை.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: மார்புக்குக் கீழே உள்ள உடம்பு செத்துப்போனது. அப்படியென்றால் இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? வயிறு மார்புக்குக் கீழேதானே இருக்கிறது?

நர்ஸிடம் சொன்னேன். டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். "குடல் சத்தம் வந்துட்டு" என்று சொல்லி, இரண்டு ஸ்பூன் கஞ்சித்தண்ணி கொடுக்கச் சொன்னார். என் கேள்விக்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

ஐந்து வாரம் கழித்து, மறுவாழ்வு மையத்தில் ஒரு பிசியோ தம்பிதான் அதற்கு விடை சொன்னார். ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஓர் ஆளை வரைந்தார். மண்டையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தைத் தடித்த கோடாகப் போட்டு, மார்பு உயரத்தில் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி வைத்தார். பிறகு மண்டையின் அடியிலிருந்து இன்னொரு கோடு. அது முதுகெலும்புக்குள் போகவில்லை. கழுத்துப் பக்கமாக, நாடித்துடிப்பு பார்க்கிற பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இறங்கி, தொண்டை, நுரையீரல், இதயம், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடலில் பாதிக்கும் மேல் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனது.

"அக்கா, தென்காசியில இருந்து திருநெல்வேலிக்கு ஆலங்குளம் வழியாவும் போலாம், கடையம், அம்பை வழியாவும் போலாம்லா? அண்ணனுக்கு ஆலங்குளம் ரோடுதான் துண்டாயிருக்கு. அம்பை ரோட்டுல பஸ் ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அந்த அம்பை ரோட்டுக்குப் பெயர் வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பத்தாவது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று அர்த்தமாம். அதில் உள்ள இழைகளில் பத்தில் எட்டு, உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளை கீழே உத்தரவு போடுவதுதான் நரம்பின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். வயிறும் இதயமும் நுரையீரலும் நாள் முழுக்க மேலே தகவல் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பசிக்கும்போது இரைப்பை ரத்தத்தில் கலந்துவிடும் ஹார்மோன் ஒன்றும் மூளைக்குப் போகிறது. அதற்கு ரோடே வேண்டாம்.

அந்த ஸ்கேன் கவரை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

விழுந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016, ஆடி மாசம். சாரல் நேரம், மரமெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. தேங்காய் வெட்டுக்கு ஏறியவர் முப்பதடிக்கு மேலிருந்து வழுக்கி, முதுகு வரப்பில் படும்படி விழுந்தார். கூட நின்றவர்கள் பதறிப்போய், இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாசத்தில் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடைந்த எலும்பு உள்ளே இருக்கும்போது உடம்பை வளைத்துத் தூக்கினால், பாதி நசுங்கிய தண்டுவடம் முழுசாக நசுங்கிவிட வாய்ப்பு உண்டு. மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ யார் விழுந்தாலும் 108-க்குப் போன் போடுங்கள். அவர்கள் வரும்வரை கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் அப்படியே இருக்க விடுங்கள். நகர்த்தியே தீர வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவது போல உருட்டிப் பலகையில் வையுங்கள்.

முதல் மாதம் முழுக்கக் காலும் வயிறும் துவண்டு கிடந்தன. தண்டுவடம் அடிபட்டதும், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நல்ல பகுதிகூடக் கொஞ்ச காலம் அதிர்ச்சியில் மௌனமாகிவிடும் என்றார்கள். ஆறாவது வாரம் ஒருநாள் போர்வையை இழுத்தபோது வலது கால் விருட்டென்று உதைத்தது. நான் கத்திவிட்டேன். மாமா பண்பொழி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். ஊரிலிருந்து பதினைந்து பேர் பார்க்க வந்தார்கள்.

பிசியோ தம்பி எங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் ஒருநாள் பொறுத்து, மறுநாள் சொன்னார். அந்த உதை மூளை சொல்லி வந்ததில்லை. போர்வை தோலில் பட்ட செய்தி, உடைந்த இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்துக்குள் போய், அங்கேயே திரும்பிக் காலுக்கு வந்துவிட்டது. மேலே போகவே இல்லை. அன்றைக்கு இரவு நான் அழுதேன். ஆனால் இந்தப் பாடம்தான் பின்னால் அத்தானின் உயிரைக் காப்பாற்றியது. உடைந்த இடத்துக்குக் கீழே இருக்கிற தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. அதை அடக்கவோ ஒழுங்குபடுத்தவோ மூளையிலிருந்து ஆள் வருவதில்லை, அவ்வளவுதான்.

இது முதலில் தெரிய வருவது மூத்திரப்பையில்.

நமக்கெல்லாம் மூத்திரம் போவது சின்ன விஷயம். உள்ளே பார்த்தால் அதில் மூன்று கூட்டம் நரம்பு சேர்ந்து வேலை செய்கிறது. நடு முதுகின் அடியிலிருந்து வரும் ஒரு கூட்டம் பையைத் தளர்த்தி நிரம்ப விடும். இடுப்புக்குக் கீழே, திரிகப் பகுதி 2, 3, 4 என்று சொல்கிற இடத்திலிருந்து வரும் இன்னொரு கூட்டம் பையைச் சுருக்கி வெளியேற்றும். அதே இடத்திலிருந்து வரும் மூன்றாவது நரம்பு, வாசலை இறுக்கி மூடும் தசைக்குப் போகிறது. பை சுருங்கும்போது வாசல் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து வரும் செய்தி அத்தானுக்கு மார்போடு நின்றுவிட்டது. அதனால் பை நிரம்பியதும் தானாகச் சுருங்கும், அதே நேரத்தில் வாசலும் இறுக்கிக்கொள்ளும். இரண்டும் மல்லுக்கட்டும். உள்ளே அழுத்தம் ஏறி, மூத்திரம் வந்த வழியே சிறுநீரகத்துக்குத் திரும்பும்.

தண்டுவடம் அடிபட்டவர்கள் ஒரு காலத்தில் சீக்கிரமே இறந்துபோனது படுக்கைப்புண்ணாலும், இப்படிச் சிறுநீரகம் கெட்டதாலும்தான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் 1944-ல் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இவர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்க வைப்பதையும் மூத்திரப்பையைக் கவனிப்பதையும் கட்டாயமாக்கினார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் தன் நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான். மையத்தில் வீல்சேர் கூடைப்பந்து ஆடுகிற பையன்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

1972-ல் அமெரிக்காவில் லாபிடஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள். மூத்திரப்பைக்குள் டியூப் போடுவதற்கு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தம் வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவி நோயாளியே தானாகப் போட்டு, மூத்திரத்தை எடுத்துவிட்டு டியூப்பை வெளியே எடுத்துவிடலாம், நேரா நேரத்துக்குப் பையைக் காலி பண்ணுவதுதான் முக்கியம் என்று எழுதினார்கள். அத்தானுக்குக் கை இரண்டும் நன்றாக இருப்பதால் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் நான் போட்டுவிட்டேன். என் விரல் பீடி சுற்றிப் பழகியது, நடுங்கவில்லை. ஆனால் அவர்தான் கூசினார். ஒருநாள், "குடு இங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டவர் இன்றுவரை அவரேதான் செய்கிறார். அப்படி விட்டதுதான் எங்கள் குடும்பத்துக்கு நடந்த பெரிய நல்லது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணி தொடங்கி நாலு அல்லது ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் கடைசியாக. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது. போனால், தண்ணீரைக் குறைக்காமல் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர், அதில் பெரும்பகுதி சாயங்காலம் ஏழு மணிக்கு முன். ஜெல்லி தடவாமல் டியூப் போடவே கூடாது. தடுக்கினால் அழுத்தாமல் ஒரு நிமிஷம் பொறுத்து, ஆழமாக மூச்சு விட்டால் வாசல் தளரும். மூத்திரம் கலங்கி நாற்றம் வந்தாலோ, கால் உதைப்பு வழக்கத்துக்கு மேல் அதிகமானாலோ கிருமி வந்திருக்கிறது என்று அர்த்தம். எரிச்சல் தெரியாத உடம்பில் கால் உதைப்புதான் எரிச்சலைச் சொல்லும். வருஷத்துக்கு ஒருதரம் சிறுநீரகத்துக்கு ஸ்கேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரகம் கெடும்போது இவர்களுக்கு வலிக்காது.

மலம் போகும் விஷயம் இதைவிடச் சுலபமாக வசப்பட்டது. குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேல் நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளை சொல்லாவிட்டாலும் குடல் தன்பாட்டுக்கு உணவைத் தள்ளிக்கொண்டு போகும். கடைசி முழமும் வாசலும்தான் சிக்கல். அங்கே உடம்பின் ஒரு பழக்கம் கைகொடுக்கிறது. வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்ததும், கொஞ்ச நேரத்தில் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை ஆறு மணிக்கு அத்தானுக்குச் சூடான காபி. இருபது நிமிஷம் வயிற்றை வலமிருந்து இடமாக, கடிகார முள் போகும் பக்கமாகத் தடவிவிடுவேன். பிறகு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை. தேவைப்பட்டால் கையுறை போட்டு, ஜெல்லி தடவி, விரலால் மெதுவாக ஒரு வட்டம். அந்தத் தொடுதலுக்குத் தண்டுவடத்தின் அடிப்பகுதி பதில் சொல்லி வாசலைத் திறக்கும். தினமும் ஒரே நேரம் என்பதுதான் இதில் எல்லாம். எட்டு வருஷத்தில் கல்யாண வீடு, துக்க வீடு எதற்காகவும் அந்தக் காபி நேரத்தை மாற்றியதில்லை.

தாம்பத்தியம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதுவும் நரம்பு வேலைதான், அதற்கும் கீழ்த்தண்டுவடத்தில் இடம் உண்டு, அதற்கும் வழிகள் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் ஒரு வருஷத்தை வீணாக்கினோம். டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் சாதாரணமாகப் பதில் சொல்வார்கள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ, அதற்கு வருகிறேன்.

2017 மாசி மாசம். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூத்திரத்தில் கிருமி வந்து காய்ச்சல் அடித்ததால், பத்து நாளைக்கு டியூப்பை எடுக்காமல் பையோடு இணைத்து வைத்திருந்தோம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். "தலை வெடிக்கிற மாதிரி வலிக்கி" என்றார். லைட்டைப் போட்டுப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது. முகமும் கழுத்தும் அனலாகக் கன்றிப்போயிருந்தன. மூக்கு அடைத்துக்கொண்டது. காலைத் தொட்டேன், ஐஸ் மாதிரி. தொடையில் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. ஒரே உடம்பு, மார்புக்கு மேலே கொதிக்கிறது, கீழே குளிர்கிறது.

பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பி.பி. 190-க்கு 110. "பி.பி. பேஷண்டா?" என்று கேட்டார்கள். இல்லை, இவருக்கு எப்பவும் 100-க்கு 60 தான் என்றேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்துக்கு ஊசி போடலாமா என்று பேசிக்கொண்டார்கள். அத்தான் வலி தாங்காமல் கட்டில் கம்பியில் தலையை முட்டினார். ஒரு மணி நேரம்.

வயதான ஆயாம்மா ஒருவர் விரிப்பை மாற்ற வந்தார். அத்தானை ஒருக்களிக்கத் திருப்பியபோது தொடைக்கு அடியில் டியூப் மடங்கி நசுங்கிக் கிடந்தது. அவர் அதை நேராக இழுத்துவிட்டார். பையில் மூத்திரம் கொட்டத் தொடங்கியது. 700 மில்லி. பை நிரம்பிக்கொண்டிருக்கும்போதே அத்தான் முனகலை நிறுத்தினார். ஐந்து நிமிஷத்தில் வேர்வை நின்றது. அதற்குப் பிறகுதான் முன்னால் கொடுத்த மாத்திரை முழு வேகத்தில் வேலை செய்து, பி.பி. 80-க்கு இறங்கி மயங்கிப்போனார். விடிய விடியக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மையத்துக்குப் போன் போட்டபோது, பிசியோ தம்பி விஷயம் முழுவதையும் கேட்காமலேயே பெயரைச் சொன்னார். ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. மார்புப் பகுதி ஆறாவது கண்ணியிலோ அதற்கு மேலோ அடிபட்ட எல்லோருக்கும் இது வரலாம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு இதைச் சொல்லியும் இருந்தார்களாம். நூறு விஷயத்தோடு சேர்த்துச் சொன்னதில் எனக்குப் பதியவில்லை.

நடப்பது இதுதான். மூத்திரப்பை அளவுக்கு மீறி வீங்குகிறது. "தாங்கல" என்ற செய்தி தண்டுவடத்தில் மேலே ஏறி, உடைந்த இடத்தில் முட்டி நிற்கிறது. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் தண்டுவடம் அதைக் கேட்டுவிட்டு, வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாய்களையெல்லாம் இறுக்கச் சொல்கிறது. ரோமம் குத்திடுவதும் கால் குளிர்வதும் அதனால்தான். கீழே இடமில்லாத ரத்தம் மேலே திரள, பி.பி. ஏறுகிறது. கழுத்துப் பெருங்குழாயிலும் இதயத்துக்கு மேலுள்ள பெரிய குழாயிலும் அழுத்தத்தை அளக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளைக்குச் சொல்கின்றன. மூளை, தன்னால் முடிந்ததைச் செய்கிறது. வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்கிறது. மார்புக்கு மேலே உள்ள குழாய்களை விரிக்கிறது. முகம் கன்றுவதும் வேர்ப்பதும் மூக்கடைப்பதும் அதனால். "கீழே இறுக்கியதைத் தளர்த்து" என்ற முக்கியமான உத்தரவு மட்டும் போய்ச் சேர வழியில்லை. அப்படியே விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும், வலிப்பு வரும், உயிர் போகும்.

செய்ய வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டேன். முதலில் உட்கார வைக்க வேண்டும், காலைத் தொங்கப் போட வேண்டும். படுக்க வைக்கவே கூடாது. உட்கார்ந்தால் ரத்தம் கீழே இறங்கி, தலைக்குப் போகும் அழுத்தம் குறையும். பெல்ட், வேட்டி முடிச்சு, காலுறை, ஷூ, இறுக்கமான எதுவானாலும் அவிழ்க்க வேண்டும். பிறகு மூத்திரப்பை. டியூப் இருந்தால் நுனியிலிருந்து பை வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உடனே போட்டு எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் மலக்குடல். மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக. அவசரமாக விரலை விட்டால் பி.பி. இன்னும் ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் தோல்: புண், நகம், தீக்காயம், எதன் மேலாவது உட்கார்ந்திருக்கிறாரா என்று. இதையெல்லாம் செய்துகொண்டே ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பி.பி. பார்க்க வேண்டும். வழக்கத்தைவிட 20, 30 கூடினாலே அது எச்சரிக்கை. 100 இருக்கிறவருக்கு 130 என்பது நல்ல பி.பி. கிடையாது. காரணம் கிடைக்காவிட்டாலோ 150-ஐத் தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரி, போகிற வழியிலும் உட்கார்ந்தபடி.

அடுத்த வருஷம் ஆவணியில் மறுபடி வந்தது. மத்தியானம், வீல்சேரில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, வருது" என்றார். இந்தத் தடவை இரண்டு பேருக்குமே அடையாளம் தெரிந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார். கைலியைத் தளர்த்தினேன். டியூப் போட்டால் 150 மில்லிதான் வந்தது, பி.பி. இறங்கவில்லை. காலையில்தான் வயிறு சுத்தமாகப் போயிருந்தது. என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "பதறாத, தோலைப் பாரு" என்று அவர்தான் சொன்னார். இடது தொடைக்கு அடியில் கையை விட்டேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பீடி இலை வெட்டுகிற என்னுடைய கத்தரிக்கோல். காலையில் அவர் சேரில் உட்காரும் முன் மெத்தை மேல் வைத்து மறந்திருக்கிறேன். அதை எடுத்து, அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். தொடையில் கத்தரியின் வளையம் இரண்டும் அச்சு எடுத்தது போலச் சிவப்பாகப் பதிந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்வை அடங்கியது. 164-லிருந்து 108.

அவருக்குத் தொடை வலிக்கவே இல்லை. ஆனால் தொடை சொல்லிவிட்டது, தலைவலியாக.

அன்றிலிருந்து கத்தரிக்குச் சுவரில் ஆணி அடித்தாயிற்று. சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். "எனக்குத் தண்டுவடக் காயம், மார்பு 4. வழக்கமான பி.பி. 100/60. தலைவலி, வேர்வை, பி.பி. உயர்வு வந்தால் என்னைப் படுக்க வைக்காதீர்கள். மூத்திரப்பை, மலக்குடல், தோல், இந்த வரிசையில் காரணத்தைத் தேடுங்கள்." கீழே மையத்து டாக்டரின் எண். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்த அட்டையை நீட்டுவேன். எல்லா டாக்டருக்கும் எல்லாம் தெரிந்திருக்க முடியாது, ஆனால் எழுதியதைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் நின்று படிக்கிறார்கள்.

வெயில் காலம் இன்னொரு விதம். உடம்புச் சூட்டை அளந்து வேர்க்கச் சொல்கிற இடம் மூளையில் இருக்கிறது. வேர்க்கச் சொல்லும் செய்தி தண்டுவடத்தில்தான் இறங்க வேண்டும். அத்தானுக்குச் சூட்டில் மார்புக்குக் கீழே வேர்ப்பதே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் ஒரு துக்க வீட்டுப் பந்தலில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, 102 டிகிரி காய்ச்சலோடு வந்தார். அது காய்ச்சலே இல்லை, வெறும் சூடு. ஈரத்துண்டைப் போர்த்தி ஃபேனைப் போட்டதும் இறங்கிவிட்டது. இப்போது வெளியே கிளம்பினால் தண்ணீர்த் தெளிப்பான் ஒன்று வீல்சேர் பையில் இருக்கும். வேர்வையை நாமே தெளித்துவிடுகிறோம், காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

2021-ல் வலது தோளில் வலி என்றார். வீல்சேர் தள்ளுகிறவர்களுக்குத் தோள்வலி சகஜம், தைலம் தேய்த்தோம். மூன்றாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை, கால் உதைப்பு கூடியது, காய்ச்சல் வந்தது. மையத்து டாக்டர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார். பித்தப்பையில் கல், வீங்கிச் சீழ் பிடிக்கும் நிலை. வயிற்று வலி அவருக்குத் தெரியாது. ஆனால் வீங்கிய பித்தப்பை மேலே இருக்கும் உதரவிதானத்தைச் சீண்டுகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்தில் 3, 4, 5-ஆம் கண்ணிகளிலிருந்து கிளம்புகிறது, அதாவது உடைந்த இடத்துக்கு மேலே. தோள்பட்டைத் தோலின் நரம்பும் ஏறக்குறைய அங்கிருந்துதான். மூளை இரண்டையும் குழப்பிக்கொண்டு, தோள் வலிக்கிறது என்கிறது. தண்டுவடம் நன்றாக இருப்பவர்களுக்கும் பித்தப்பை வலி இப்படித் தோளுக்குப் போவதுண்டு. அத்தானுக்கு அந்த ஒரு சன்னல்தான் திறந்திருந்தது. இப்போதெல்லாம் புதிதாக எந்த இடத்தில் வலி என்றாலும், அது வேறு எதற்கான வலி என்று முதலில் யோசிக்கிறோம்.

இதெல்லாம் படித்தவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ப்ளஸ் டூ. ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயா, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் அங்கே மறுவாழ்வுப் பிரிவு திறந்தது. நம்ம பக்கத்திலேயே வழி போட்டு வைத்திருக்கிறார்கள். அடிபட்ட முதல் ஆறு மாதத்துக்குள் இப்படி ஓர் இடத்துக்குப் போய்விடுங்கள். நாட்டு வைத்தியம், எண்ணெய்க்கட்டு என்று ஒரு வருஷம் சுற்றிவிட்டு, இடுப்பில் எலும்பு தெரிகிற புண்ணோடு வந்தவர்களை மையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் கடையம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். கட்டிட வேலையில் சாரம் சரிந்து விழுந்த பையன், இருபத்து மூன்று வயசு, மார்பு 5. அத்தான் அவன் கட்டில் பக்கத்தில் வீல்சேரைப் போட்டுக்கொண்டு டியூப் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அவன் அம்மாவை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த வரிசையை நாலு தரம் சொல்ல வைத்தேன். உட்கார வை, அவிழ், மூத்திரம், மலம், தோல். அவர்கள் அதைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்து கேட்டார்கள்: "மதினி, ராத்திரி பிள்ளைக்குக் காலு ஜில்லுன்னு கெடக்கு. வெந்நிப் பை வச்சிரட்டா?"

"போர்வை எத்தனை வேணாலும் போடுங்க. வெந்நிப் பை மட்டும் கிட்ட வந்துரக் கூடாது. வெந்து தோலு உரிஞ்சாலும் அவனுக்குத் தெரியாது" என்றேன்.

அவர்கள் திரும்பிப் போய் அதையும் காலண்டர் அட்டையில் எழுதினார்கள்.